சமுதாயக் கல்லூரி வழியாக மெகாட்ரானிக்ஸ் பொறியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி எனப்படும் இரண்டு ஆண்டுக் கல்லூரியில் முதல் பாதியைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர்ந்து மெகாட்ரானிக்ஸ் பொறியியலில் (இயந்திரவியலும் மின்னியலும் நிரலாக்கமும் இணைந்த துறை) பட்டம் வாங்கும் வழியைப் பற்றிய கேள்விகள் இவை. கேட்பவர்களில் பாதிப் பேர் அங்கேயே வாழும் தமிழ்ப் பெற்றோர்; மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சொல்வது பெரும்பாலும் கலிபோர்னியாவின் நிலவரம்.

மெகாட்ரானிக்ஸ் பொறியியலைச் சமுதாயக் கல்லூரியில் தொடங்க முடியுமா?

முடியும். ஆனால் அந்தப் பெயரை வைத்துத் தேடினால் வேறு வாசலில் போய் நிற்பீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்: கல்லூரியின் பாடப் பட்டியலில் 'மெகாட்ரானிக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும் படிப்பு, பெரும்பாலும் உங்களைப் பல்கலைக்கழகத்தின் மெகாட்ரானிக்ஸ் பொறியியல் துறைக்குக் கொண்டுபோகாது. அங்கே கொண்டுபோகும் பாடங்கள் கணிதத் துறையிலும் இயற்பியல் துறையிலும் 'பொறியியல்' என்ற பொதுத் தலைப்பின் கீழும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்துவது உங்கள் வேலை. யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள்.

அப்படியானால் கல்லூரியில் 'மெகாட்ரானிக்ஸ்' என்ற பெயரில் நடப்பது என்ன?

தொழிற்சாலைத் தொழில்நுட்பர்களை உருவாக்கும் பயிற்சி. சேக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் ராக்லினில் இருக்கும் சியரா கல்லூரியில் அப்படி ஒரு துறை இருக்கிறது. டென்னசியில் மாட்லோ மாநிலச் சமுதாயக் கல்லூரியிலும் இருக்கிறது. மோட்டார், உணரிகள், காற்றழுத்த உருளைகள், ஹைட்ராலிக்ஸ், பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி, ரோபோ கை ஆகியவற்றை இணைக்கவும் ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுத் தருவார்கள். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் மெகாட்ரானிக்ஸுக்கென்றே படிநிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறது. சில கல்லூரிகள் அதையும் சேர்த்துத் தருகின்றன.

இதை மட்டமாக நினைப்பவர்களுக்காக ஓர் உதாரணம். பிஎல்சி வகுப்பில் முதலில் வரும் பயிற்சி, ஒரு மோட்டாரை ஒரு பொத்தானால் ஓட்டி இன்னொரு பொத்தானால் நிறுத்துவது. ஓட்டும் பொத்தானை அழுத்தினால்தான் மின்சாரம் பாயும். நிறுத்தும் பொத்தானில் நேர்மாறு: சும்மா இருக்கும்போது மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும், அழுத்தினால் அறுபடும். ஏன் இப்படி? பொத்தானுக்குப் போகும் கம்பியை எலி கடித்துவிட்டாலும் இயந்திரம் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காக. இங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள். பொத்தான் 'மூடிய' வகை (சும்மா இருக்கும்போது மின்சாரம் பாயவிடுவது) என்பதால், பிஎல்சிக்கு எழுதும் ஏணி வரைபட நிரலிலும் 'மூடிய' தொடர்பைப் போட்டுவிடுவார்கள். மோட்டார் ஓடவே ஓடாது. கம்பியில் ஏற்கெனவே மின்சாரம் இருப்பதால் நிரலில் 'திறந்த' தொடர்பைத்தான் போட வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து வந்த பொறியாளர்களில் பலருக்கும் இந்த விஷயம் முதல் வேலையில்தான் தெரியவரும்.

ஆக, பயிற்சி உயர்ந்ததுதான். ஆனால் அதன் கணிதம் இயற்கணிதத்தோடும் முக்கோணவியலோடும் நின்றுவிடும். பொறியியல் பட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளிலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எந்தச் சான்றிதழும் நிரப்பாது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன?

ஆசை நியாயமானது, நேரம்தான் இடம் கொடுக்காது. என் கருத்து: பிஎல்சி வகுப்பு ஒன்றை மட்டும், கோடை விடுமுறையிலோ பாரம் குறைந்த ஒரு செமஸ்டரிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இப்படிச் சேரும் யூனிட்டுகளை (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஏற்காது; ஏற்கும் இடங்களிலும் உதிரிப் பாடமாகவே கணக்கில் வரும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மிடில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்து வழி அமைத்திருக்கின்றன. அப்படி ஓர் உடன்பாடு இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்தப் பாடங்களைத்தான் படிக்க வேண்டும்?

கணிதத்தில் நுண்கணிதம் மூன்று செமஸ்டர் (மூன்றாவது பல மாறிகள் கொண்டது), பிறகு நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். இயற்பியலில் நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட தொடர்: இயக்கவியல், மின்காந்தவியல், பல இடங்களில் மூன்றாவதாக அலைகளும் ஒளியியலும் நவீன இயற்பியலும். மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களுக்கான, நுண்கணிதம் இல்லாத இயற்பியல் தொடரும் அதே கல்லூரியில் நடக்கும். பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மறந்தும் அதில் சேர்ந்துவிடாதீர்கள். வேதியியல் ஒரு செமஸ்டர். பொறியியலில் நிலையியல், மின்சுற்று ஆய்வு, பொருளறிவியல், கணினி வழி வரைகலை. நிரலாக்கத்தில் சி அல்லது சி பிளஸ் பிளஸ். சில பல்கலைக்கழகங்கள் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளைக் கேட்கும்.

இயந்திரவியல் மாணவர்கள் மின்சுற்றைக் கடைசிக்குத் தள்ளுவார்கள், மின்னியல் மாணவர்கள் நிலையியலைத் தொடவே மாட்டார்கள். மெகாட்ரானிக்ஸுக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் கட்டாயம். முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

இரண்டே ஆண்டில் முடிந்துவிடுமா?

முதல் செமஸ்டரிலேயே முதல் நுண்கணிதத்தில் உட்கார்ந்தால் முடியலாம். எப்படி என்று பாருங்கள். மின்சுற்று வகுப்புக்கு மின்காந்தவியல் முடிந்திருக்க வேண்டும். மின்காந்தவியலுக்கு இயக்கவியலும் இரண்டாம் நுண்கணிதமும் வேண்டும். இயக்கவியலுக்கு முதல் நுண்கணிதம் வேண்டும். ஆக, முதல் செமஸ்டரில் முதல் நுண்கணிதம், வேதியியல், நிரலாக்கம். இரண்டாவதில் இரண்டாம் நுண்கணிதம், இயக்கவியல், வரைகலை. மூன்றாவதில் மூன்றாம் நுண்கணிதம், மின்காந்தவியல், நிலையியல். நான்காவதில் நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும், மின்சுற்று, பொருளறிவியல், மீதி இயற்பியல். நான்கு செமஸ்டரும் நிறைந்துவிட்டது. இதில் ஒரு வகுப்பு தவறினாலும் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும்.

சிறிய கல்லூரிகளில் மின்சுற்றும் நிலையியலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். வசந்தகால மின்சுற்றைத் தவறவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும், அல்லது பக்கத்து ஊர்க் கல்லூரிக்குக் கார் ஓட்ட வேண்டும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கல்லூரிகள் அருகருகே இருப்பதால் பலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

நுண்கணிதத்துக்கு முந்தைய கணிதத்திலிருந்து தொடங்குகிறவர்கள் மூன்று ஆண்டு என்றே திட்டமிடுவது நல்லது. 2022-இல் கலிபோர்னியா நிறைவேற்றிய ஏபி 1705 சட்டத்துக்குப் பிறகு, அறிவியல், பொறியியல் மாணவர்களை நேராக நுண்கணிதத்திலேயே சேர்க்கும் போக்கு கூடியிருக்கிறது. கூடவே உதவி வகுப்பும் தருவார்கள். பிளஸ் டூ கணிதத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது லாபம். மனப்பாடம் செய்து தேறியவர்கள் முதல் மாதமே திணறுவார்கள்.

'அசிஸ்ட்' இணையதளத்தை எப்படி வாசிப்பது?

கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் இடையிலான பாட ஈடுகளைக் காட்டும் அதிகாரப்பூர்வத் தளம் அது. ஒன்று யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், இன்னொன்று சிஎஸ்யூ எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம். உங்கள் கல்லூரி, போக நினைக்கும் வளாகம், ஆண்டு, துறை ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு பக்கம் திறக்கும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இடது பக்கத்தில் ஒரே பாடம் இருக்க, வலது பக்கத்தில் இரண்டு பாடங்கள் 'மற்றும்' என்று கட்டியிருந்தால் இரண்டையும் முடித்தால்தான் ஒன்றுக்கு ஈடு. அந்தச் சிறு சொல்லைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் படித்துவிட்டு, சேர்ந்த பிறகு மீண்டும் முதலிலிருந்து படித்தவர்கள் உண்டு. அடுத்து, வலது பக்கத்தில் ஈடு பாடம் எதுவும் இல்லை என்று போட்டிருந்தால் அதற்காக உங்களைத் தண்டிக்கமாட்டார்கள். அந்தப் பாடத்தைப் போன பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப்பட்ட வரிகள் அதிகம் இருந்தால், அந்தக் கல்லூரியிலிருந்து போகும்போது மூன்றாம் ஆண்டு பின்தங்கும் என்று பொருள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, தொடர் பாடங்களை உடைக்காதீர்கள். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற கல்லூரிகள் ஆண்டை மூன்று காலாண்டுகளாகப் பிரித்து நடத்துகின்றன. சுற்றியுள்ள பல கல்லூரிகள் செமஸ்டர் முறை. இயற்பியலில் பாதியை இங்கும் மீதியை அங்கும் படித்தால், இரண்டையும் ஒட்டும் இடத்தில் ஒரு பகுதி விடுபட்டுப்போகும். தொடங்கிய தொடரைத் தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள்.

ஆலோசகர் சொல்வதைக் கேட்டால் போதாதா?

கேளுங்கள். அச்சிட்ட அசிஸ்ட் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரே ஆலோசகர் செவிலியர் படிப்பு, வணிகம், உளவியல், பொறியியல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பொறியியல் பாடம் நடத்தும் பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய்க் கேட்பது இன்னும் பயன் தரும். மின்சுற்று வகுப்பு அடுத்த வசந்தத்தில் நடக்குமா நடக்காதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

மெகாட்ரானிக்ஸ் என்ற பெயரிலேயே பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் எவை?

அமெரிக்காவில் அதிகம் இல்லை. கலிபோர்னியாவில் சிஎஸ்யூ சிகோ வளாகம் மெகாட்ரானிக் பொறியியல் இளநிலைப் பட்டம் தருகிறது. வெளியே ஜார்ஜியாவின் கெனசா மாநிலப் பல்கலைக்கழகம், மேலே சொன்ன மிடில் டென்னசி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகமும் கூட்டாக நடத்தும் படிப்பு ஆகியவை இருக்கின்றன. யூசி சாண்டா குரூஸில் ரோபாட்டிக்ஸ் பொறியியல் என்ற பெயரில் பட்டம் உண்டு.

மற்ற இடங்களில் இயந்திரவியலில் சேர்ந்து கட்டுப்பாட்டியலையும் ரோபாட்டிக்ஸையும் விருப்பப் பாடங்களாக எடுப்பார்கள். அல்லது மின்னியலில் சேர்ந்து உட்பொதி அமைப்புகளின் (கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகள்) பக்கம் போவார்கள். வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தின் பெயரைவிட நீங்கள் எதைக் கட்டினீர்கள் என்பதைத்தான் கேட்பார்கள். எனவே மெகாட்ரானிக்ஸ் என்ற பெயருக்காக மட்டும் ஒரே ஒரு வளாகத்தைக் குறிவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சிகோவுக்கு ஒன்று, இயந்திரவியலுக்கு மூன்று நான்கு என்று விண்ணப்பங்களைப் பிரித்துப் போடுங்கள். மாறுவதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களில் முக்கால்வாசி இரண்டுக்கும் பொதுதான்.

'பொறியியல்' பட்டத்துக்கும் 'பொறியியல் தொழில்நுட்ப' பட்டத்துக்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு ஏபெட். அது பொறியியலுக்கு ஓர் ஆணையமும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு இன்னோர் ஆணையமும் வைத்திருக்கிறது. 'ஏபெட் அங்கீகாரம் உண்டு' என்று மட்டும் சொன்னால் எந்த ஆணையம் என்று கேளுங்கள். தொழில்நுட்பப் பட்டம் செய்முறைக்கு நெருக்கமானது. உற்பத்திப் பணிகளுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் பொறியாளர் உரிமம் பெற சில மாநிலங்கள் அந்தப் பட்டதாரிகளிடம் கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்கின்றன. மேற்படிப்புக்குப் போகும்போதும் கணிதப் பாடங்கள் சில குறையலாம். தெரிந்து தேர்ந்தெடுத்தால் ஒரு குறையும் இல்லை.

யூசியில் உத்தரவாதச் சேர்க்கை என்று சொல்கிறார்களே?

டேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஏற்பாடு அது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் அதில் பங்கேற்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ மூன்றும் இல்லை. ஆறில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பொறியியல் துறைகள் சிலவற்றை வளாகங்கள் இதிலிருந்து விலக்கிவைக்கின்றன. சேர்க்கும் துறைகளிலும் மதிப்பெண் எல்லை மற்றவற்றைவிட உயரமாக இருக்கும். அந்த ஆண்டின் டேக் அட்டவணையைத் துறைவாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

மதிப்பெண் எவ்வளவு வேண்டும்?

யூசிக்கு மாறுவதற்கான குறைந்தபட்ச சராசரி (4.0 அளவில்), கலிபோர்னியா வாசிகளுக்கு 2.4, வெளியாருக்கு 2.8. இது விண்ணப்பம் போடுவதற்கான எல்லை மட்டுமே. பொறியியலில் இடம் கிடைக்க இதைவிட வெகு உயரத்தில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலச் சேர்க்கைக்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே போட வேண்டும். இரண்டு ஆண்டுத் திட்டத்தில் அப்போது நீங்கள் மூன்றாவது செமஸ்டரின் நடுவில் இருப்பீர்கள். கையில் இருப்பது முதல் ஆண்டு மதிப்பெண்கள் மட்டும். மூன்றாவது செமஸ்டரின் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்த்துக்கொள்ளலாம். 'முதல் ஆண்டில் பழகிக்கொள்வோம், இரண்டாம் ஆண்டில் பிடித்துக்கொள்வோம்' என்ற நம் ஊர் வழக்கம் இங்கே செல்லாது.

ஒரு பாடத்தில் தடுமாறினால் பாதியில் விலகலாமா?

ஒருமுறை விலகுவதால் குடி மூழ்கிப்போகாது. நுண்கணிதத்தில் டி வாங்குவதைவிடக் குறித்த தேதிக்குள் விலகி மீண்டும் படித்து ஏ வாங்குவது மேல். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் மட்டும் யூனிட் எண்ணிக்கை 12-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் விலகவே கூடாது.

பொதுக் கல்விப் பாடங்களை முழுவதும் முடிக்க வேண்டுமா?

2025 இலையுதிர் காலத்திலிருந்து கால்-கெட்க் என்ற ஒரே தொகுப்பு யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொறியியல் மாணவர்கள் முதலில் கணிதம், இயற்பியலை முடிக்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரை வகுப்புகளையும் தள்ளிப்போடாதீர்கள். வரலாறு, கலைப் பாடங்கள் மிச்சம் இருந்தால் போன பிறகு படித்துக்கொள்ளலாம்.

இரண்டு ஆண்டுப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் மாற வேண்டுமா?

யூசிக்குத் தேவையில்லை. மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட்டும் துறைக்கான பாடங்களும் இருந்தால் போதும்.

செலவு எவ்வளவு மிச்சமாகும்?

கலிபோர்னியா வாசிகளுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்; 2012-இலிருந்து ஏறவில்லை. 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலர்தான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். சிஎஸ்யூவின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2025-26-இல் 6,450 டாலர், யூசியில் 14,000-ஐத் தாண்டும். வளாகக் கட்டணமும் தங்குமிடமும் தனி. உண்மையில் பெரிய மிச்சம் தங்குமிடத்தில்தான். வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருபவர்கள் இரண்டு ஆண்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வெளியாருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். அப்போதும் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டுவதைவிடக் குறைவுதான், ஆனால் 'மலிவு' என்று சொல்ல வாய் வராது.

பிள்ளை எச்-4 விசாவில் இருக்கிறான். அவனுக்கு எந்தக் கட்டணம்?

எச்-1பி எனப்படும் பணி விசாவில் இருக்கும் குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது; எச்-4 என்பது அவர்களைச் சார்ந்தவர்களுக்குத் தரும் விசா. எச்-4 விசாவில் இருப்பவர்கள் கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்ததற்கான ஆதாரங்களைக் காட்டி உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். பிரச்சினை வயதில் இருக்கிறது. 21 முடிந்தால் பிள்ளை பெற்றோரின் விசாவைச் சார்ந்திருக்க முடியாது. பெரும்பாலும் எஃப்-1க்கு மாற வேண்டிவரும். அப்போது உள்ளூர்க் கட்டணச் சலுகை கைவிட்டுப் போகலாம். 18 வயதில் தொடங்கி மூன்று ஆண்டு சமுதாயக் கல்லூரியில் இருந்தால், பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும் நேரத்தில் சரியாக 21 ஆகிவிடும். எனவே இவர்களுக்கு மட்டும் 'நிதானமாகப் படிக்கலாம்' என்ற அறிவுரை பொருந்தாது. சம்பளத்துடன் கூடிய பயிற்சி வேலையும் எச்-4 பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பிளஸ் ஒன் வயதிலேயே ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேராகச் சமுதாயக் கல்லூரிக்கு மாணவர் விசா கிடைக்குமா?

விதிப்படி கிடைக்கும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரி, சேர்க்கையை உறுதிசெய்யும் ஐ-20 படிவம் அனுப்பும். அதை வைத்து எஃப்-1 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சாண்டா மோனிகா, டி ஆன்சா, டயாப்லோ வேலி போன்ற கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

நேர்காணலில்தான் நெருக்கடி. சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகச் சன்னலில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 'இரண்டு ஆண்டுக் கல்லூரிக்கு இவ்வளவு தூரம் ஏன் போகிறாய்? இங்கேயே பொறியியல் கல்லூரிகள் இல்லையா?' என்ற கேள்வி வந்தே தீரும். 'செலவு குறைவு' என்பது பலவீனமான பதில். கோவையில் படித்தால் அதைவிடக் குறைவு என்று விசா அதிகாரிக்கும் தெரியும். எந்தப் பாடங்களைச் சமுதாயக் கல்லூரியில் முடித்து, எந்த வளாகத்தின் எந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு சேரப் போகிறீர்கள், நான்கு ஆண்டுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் போங்கள். ஏஜென்டு எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கத்தான் முடியும் என்றால் போகாதீர்கள்.

எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யலாம். படிப்புக்குப் பிந்தைய 12 மாதப் பணிப் பயிற்சியை 24 மாதம் நீட்டிக்கும் அறிவியல், பொறியியல் சலுகை இளநிலைப் பட்டத்துக்கும் அதற்கு மேலும்தான். இரண்டு ஆண்டுப் பட்டத்துக்குக் கிடையாது.

நான் பாலிடெக்னிக்கில் மெகாட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறேன். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?

மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் மதிப்பெண் பட்டியலை ஒப்பிட்டுத் தரச் சொல்வார்கள். அதில் சில யூனிட்டுகள் கிடைத்தாலும் நுண்கணிதத்தையும் இயற்பியலையும் பெரும்பாலும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். மூன்று ஆண்டு டிப்ளமோவுக்குப் பிறகு மீண்டும் முதல் ஆண்டு என்பது கசப்பான செய்திதான். உங்களுக்கு ஊரிலேயே இதைவிட நேரான வழி இருக்கிறது: டிப்ளமோ முடித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம், தமிழ்நாட்டில் அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. பட்டத்தை இங்கே முடித்துவிட்டு முதுநிலைக்கு அமெரிக்கா போவது டிப்ளமோ மாணவர்களுக்குப் பணத்திலும் காலத்திலும் லாபம் என்பது என் எண்ணம்.

'சமுதாயக் கல்லூரியா?' என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்களே?

பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் அதைத்தான் போடப்போகிறீர்கள்.

மாறிப்போன பிறகு முதல் செமஸ்டர் எப்படி இருக்கும்?

கடினமாக இருக்கும். அங்கே முதல் ஆண்டிலிருந்து படித்தவர்களுக்குச் செட்டு சேர்ந்திருக்கும், ஆய்வக நண்பர்கள் இருப்பார்கள், பழைய வினாத்தாள்கள் கைமாறும். நீங்கள் போய் இறங்கிய சில வாரங்களில் கட்டுப்பாட்டியல், சமிக்ஞைகள், வெப்ப இயக்கவியல் என்று எல்லாம் ஒன்றாக வரும். காலாண்டு முறை உள்ள வளாகம் என்றால் முதல் தேர்வு மூன்றாம், நான்காம் வாரத்திலேயே வந்து நிற்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று: கோடைப் பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்கும் சந்தை பல வளாகங்களில் செப்டம்பர், அக்டோபரிலேயே நடந்துவிடும். வகுப்பறை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுயவிவரத்தை நீட்ட வேண்டியிருக்கும். அதில் எழுத ஏதாவது வேண்டுமே? சமுதாயக் கல்லூரியில் இருக்கும்போதே ஒன்றைக் கட்டுங்கள். பெரிய ரோபோ தேவையில்லை. ஒரு மோட்டார், அதன் சுழற்சியை எண்ணும் உணரி, ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி (நிரலை ஓட்டும் சிப்). சொன்ன வேகத்தில் மோட்டாரை நிலைநிறுத்த வேண்டும், கையால் அழுத்திப் பிடித்தாலும் வேகம் குறையக்கூடாது. எளிதாகத் தெரியும். வேகத்தில் உள்ள பிழைக்கு ஏற்ப மோட்டாரைத் தள்ளும் விகிதப் பெருக்கத்தைக் கூட்டினால் மோட்டார் உதறும், குறைத்தால் சொன்ன வேகத்தை எட்டாமல் கீழேயே நின்றுவிடும், அந்தப் பிழையைத் தொகுத்துச் சேர்த்தால் எல்லை தாண்டி ஓடித் திரும்பும். அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று பத்து நிமிடம் பேச முடிகிற மாணவரை, 'ஆர்வம் உள்ளவர்' என்று எழுதிக்கொண்டு வருபவரிடமிருந்து எளிதில் பிரித்துவிடுவார்கள்.

கணிதம் எனக்கு ஏறவில்லை. ஆனால் இயந்திரங்களோடு வேலை செய்யப் பிடிக்கும். என்ன செய்வது?

அப்போது, நான் தொடக்கத்தில் விலகிப் போகச் சொன்ன அந்த 'மெகாட்ரானிக்ஸ்' படிப்புதான் உங்களுக்கானது. கிடங்குகள், உணவுத் தொழிற்சாலைகள், மருத்துவக் கருவி உற்பத்தி, சிப் தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் தானியங்கி வரிசையை ஓடவைக்கும் ஆட்கள் தேவை. வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பில் ஒவ்வொரு நுண்கணிதமாக முடித்துப் பிறகு மாறியவர்களும் இருக்கிறார்கள். சில நிறுவனங்கள் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. 2021-இல் வந்த ஏபி 927 சட்டப்படி, கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளே சில தொழில்சார் துறைகளில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் தரலாம். ஆன்டலோப் வேலி கல்லூரி விமான உடற்பகுதித் தயாரிப்பில் அப்படி ஒரு பட்டம் நடத்துகிறது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு இந்தப் பாதை முழுவதும் திறந்திருக்கிறது. எஃப்-1 மாணவர்கள் இரண்டு ஆண்டுப் பட்டத்தோடு நின்றால் ஓராண்டுப் பணிப் பயிற்சி மட்டுமே மிஞ்சும் என்பதைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.